ஒரு வளவில் பல அடுப்புகள்
யாழ்ப்பாணக் குடாநாட்டில் வீட்டுப்படம் வரைவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,

பருத்தித்துறை முதல் பண்ணை வரையும் காங்கேசன்துறை முதல் கைதடி வரையும் இன்று எழும்புகிற வீடுகளிற் பெரும்பாலானவை முதலில் உங்களுடைய மேசையிலேதான் உருப்பெறுகின்றன. ஒரு குடும்பம் அடுத்த அறுபது எழுபது வருஷங்களுக்கு எவ்வாறு சமைத்து, உறங்கி, பிணங்கி, சமாதானமாகி வாழப்போகிறது என்பதை, அக்குடும்பத்தார் அறிந்தோ அறியாமலோ, உங்களுடைய கோடுகளே பெருமளவுக்கு நிச்சயித்துவிடுகின்றன. ஆதலாற் கட்டடக் கலைஞர், பொறியியலாளர், படவரைஞர் என்னும் பட்டப் பேதம் பாராமல் உங்கள் எல்லாரையும் ஒருசேர விளித்து இம்மடலை எழுதத் துணிந்தேன். நான் கட்டடக் கலை கற்றவனல்லன். நொத்தாரிசுத் தொழில் பார்த்து ஓய்ந்தவன். காணிகளைப் பங்கு பிரித்தும், சீதனமாகவும் நன்கொடையாகவும் உறுதி எழுதிக் கொடுத்தும், அவ்வெழுத்துக்களின் பலாபலன்களைப் பின்னாளிலே அதே குடும்பங்களின் முகங்களிற் கண்டும் வந்த அனுபவம் ஒன்றே இவ்விஷயத்தைப் பேச எனக்குள்ள அருகதை.

என் விண்ணப்பத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களோ, ஒன்றுக்கு மேற்பட்ட தலைமுறைகளோ ஒரே வளவில் மனக்கசப்பின்றிக் கூடிவாழ இடந்தருகிற வீடுகளை நீங்கள் வரையவேண்டும். அவற்றை வரையப் புகும்போது, பொதுவாக இருக்கவேண்டியவை எவை என்று எண்ணுவதற்கு முன்னர், தனித்தனியாக இருக்கவேண்டியவை எவை என்று எண்ணித் தொடங்கவேண்டும்.

இப்பொழுது உங்களிடம் வரைவிக்கப்படும் படங்களின் இலட்சணம் எனக்குத் தெரியாததன்று. முகப்பிலே ஒரு போர்ட்டிக்கோ. உள்ளே ஒரு பெரிய ஹோல். அறையோடு சேர்ந்த குளியலறைகள் இரண்டோ மூன்றோ. பன்ரி அலுமாரிகளால் நிறைந்த ஒரேயொரு குசினி. இவற்றைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேற்பட்ட மதில். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கிற மகன் கைத்தொலைபேசியில் அனுப்பிய ஒரு வீட்டின் படத்தை வைத்துக்கொண்டு, "இதைப் போலவே வேண்டும்" என்று கேட்கிற தகப்பனாரிடம் நீங்கள் வேறென்ன சொல்லமுடியும் என்பதும் எனக்கு விளங்குகிறது. ஆனால் அந்தப் படம் எந்தக் குடும்பத்துக்காக வரையப்படுகிறது என்று ஒரு கணம் ஆலோசித்துப் பாருங்கள். தாய், தகப்பன், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர் மூவர் என்னும் அந்தக் குடும்பம், எந்த வீட்டிலும் இருபது வருஷங்களுக்கு மேல் அந்த உருவத்தில் இருப்பதில்லை. அதற்கு முன்னே அவ்வீட்டில் ஒரு பாட்டி இருந்தாள். பின்னே அங்கு ஒரு பாட்டி மாத்திரமே இருக்கப்போகிறாள். நடுவே உள்ள இருபது வருஷங்களுக்காகக் கட்டப்பட்ட வீடு மற்றைய நாற்பது ஐம்பது வருஷங்களும் பொருந்தாத சட்டையாகவே அவ்வீட்டாருக்கு அமைந்துவிடுகிறது.

1981 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது ஏழு லட்சத்துக்கு மேற்பட்டிருந்த யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை, 2012 இல் ஆறு லட்சத்துக்குள் அடங்கிவிட்டது. போனவர்கள் எங்கே போனார்கள், எதனாற் போனார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அவர்கள் விட்டுப்போன பெரிய வீடுகளில் இன்று இருப்பவர் பலர் எழுபது வயதைக் கடந்த தனித்த பெண்கள். ஏழு அறைகளில் ஆறைப் பூட்டிவைத்துவிட்டு, ஒன்றிலே ஒரு கட்டிலும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் ஒரு மருந்துப் பையுமாக வாழ்கிறவர்கள். அதே வீதியிலே, 1974 இல் திருநெல்வேலியில் தொடங்கிய பல்கலைக்கழகத்துக்கு மலைநாட்டிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் படிக்க வந்த பெண்பிள்ளைகள் வாடகைக்கு அறை தேடிக் கொக்குவில், கோண்டாவில் ஒழுங்கைகளிற் படலை படலையாகத் தட்டிக்கொண்டு திரிகிறார்கள். பூட்டிய ஆறு அறைகளும் அறை தேடும் பெண்ணும் ஒரே ஒழுங்கையில் இருந்தும் ஒன்றுசேர முடியாமைக்குக் காரணம் மனிதருடைய கல்நெஞ்சம் என்று நான் கருதவில்லை. அந்தப் பெண் உள்ளே வருவதற்கு வேறொரு வாசல் இல்லை. அவளுக்கு ஒரு கோப்பை தேநீர் வைத்துக்கொள்ளத் தனியாக ஓரிடம் இல்லை. இரவு ஒன்பது மணிக்கு அவள் குளியலறைக்குப் போகவேண்டுமானாற் கிழவியின் கட்டிலைக் கடந்தே போகவேண்டும். இடையூறாக நிற்பது வீட்டுப்படம்.

நம்முடைய முன்னோர் இவ்விஷயத்தில் எப்படி நடந்துகொண்டார்கள் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். 1707 இல், ஒல்லாந்தர் ஆட்சியிலே, கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவையினால் எழுத்திலே தொகுக்கப்பட்ட தேசவழமையின் பிரகாரமும் அதற்கு முன்னிருந்த வழக்கத்தின் பிரகாரமும், பெண்ணுக்குச் சீதனமாகக் காணியும் வீடும் கொடுப்பது இந்நாட்டின் முறை. அதனால் மணமான பெண் பெரும்பாலும் தாயின் வளவிலேயோ அதற்கு அயலிலேயோ குடியிருந்தாள். அவளுடைய கணவன் அங்கே வந்து சேர்ந்தான். அக்காளும் தங்கையும் ஒரே வளவில் அடுத்தடுத்துக் குடியிருப்பதும், பிள்ளைகள் பெரியம்மா வீட்டிலும் சின்னம்மா வீட்டிலும் மாறிமாறிச் சாப்பிட்டு வளர்வதும் இதனால் விளைந்த சாதாரண வாழ்க்கை. பழைய உறுதிகளை எடுத்துப் படித்தால், இத்தனை பரப்பு நிலம், அதிலுள்ள வீடு, வான்பயிர், தான்பயிர் என்று எழுதிவந்து, ஈற்றிலே "கிணற்றிற் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்" என்று ஒரு வாக்கியம் தவறாமல் வரும். நிலத்தைப் பிரிக்கலாம், நீரைப் பிரிக்கலாகாது, வழியையும் அடைக்கலாகாது என்னும் ஒரு பெரிய ஞானம் அந்தச் சிறிய வாக்கியத்துள் அடங்கியிருக்கிறது. அதை எழுதும் ஒவ்வொரு தடவையும் நான் எழுத்தைச் சற்று நிதானித்தே எழுதுவது வழக்கம்.

வீட்டின் அமைப்பும் அதற்கிசைந்ததாகவே இருந்தது. தெருவிலிருந்து வருபவனை முதலில் ஏற்பது, கூரையிட்ட சங்கடப்படலை. வழிப்போக்கன் அதன் நிழலில் ஒதுங்கலாம். வீட்டாருடைய அனுமதி அதற்கு வேண்டுவதில்லை. அப்பால் தலைவாசல், ஊர்க்காரியம் பேச வந்தவருக்கு அதுவே எல்லை. அதற்கும் அப்பால் நாற்சாரின் நடுமுற்றம், அதைச் சுற்றிய தாழ்வாரங்கள், அவற்றை ஒட்டிய அறைகள். குசினி மாத்திரம் தனிக் கட்டடமாகப் பின்புறத்தே விலகி நிற்கும். புகையும் நெருப்பும் கூரையைத் தொடாதிருப்பதற்கென்று அது விலக்கப்பட்டதாயினும், அவ்விலக்கத்தினால் வேறொரு நன்மையும் சித்தித்தது: குடும்பம் பெருகியபோது வீட்டை இடியாமல், குசினியை மாத்திரம் இன்னொன்றாகக் கட்டிக்கொள்ள முடிந்தது. தெரு, படலை, தலைவாசல், முற்றம், தாழ்வாரம், அறை என்று படிப்படியாகப் பொதுமை குறைந்து அந்தரங்கம் மிகுந்து செல்லும் இந்த ஒழுங்கே கூட்டுவாழ்வின் உயிர்நாடி. இன்றைய வீட்டிலோ கேற்றைத் திறந்தால் ஹோல், ஹோலைத் திறந்தால் அறை. இரண்டு நிலைகளுக்கு மேல் இல்லை. மலாயாவிலே உத்தியோகம் பார்த்துப் பென்ஷனோடு திரும்பிய நம்மவர் கட்டிய விறாந்தை வீடுகளில் இந்த மாற்றம் ஆரம்பித்தது என்பது என் அபிப்பிராயம். அவை அழகிய வீடுகள்தாம். ஆனால் முகத்தைத் தெருவுக்கும் முதுகை வளவுக்கும் காட்டிக்கொண்டு நின்ற வீடுகள்.

கோப்பாய்ப் பக்கத்திலே எனக்கு நன்கு பழக்கமான ஒரு வளவைச் சொல்கிறேன். எட்டுப் பரப்பு. தாயார் அதை மூன்று பெண்களுக்குச் சீதனமாக எழுதியிருந்தார். நடுவிலே கிணறு, மூன்று பக்கத்திலும் மூன்று வீடுகள். குசினிகள் மூன்றும் கிணற்றடியை நோக்கியே இருந்தன. ஆயினும் ஒரு குசினியின் வாசல் மற்றொன்றின் வாசலுக்கு நேரெதிரே அமையவில்லை. மூத்தவளின் வாசல் ஒரு வேப்பமரத்துக்கு மறைவிலும், நடுவிலாளின் வாசல் கிடுகு மறைப்புக்குப் பின்னாலும், இளையவளின் வாசல் சுவரின் திருப்பத்திலும் இருந்தன. கிணற்றடியில் நின்று ஒரு குரல் கொடுத்தால் மூன்று வீட்டுக்கும் கேட்கும்; எந்த அடுப்பில் என்ன கொதிக்கிறதென்று மாத்திரம் எவருக்கும் தெரியாது. மூத்தவள் வீட்டில் வெள்ளிக்கிழமையும் மச்சம் சமைப்பார்கள். இளையவள் வெள்ளி, செவ்வாய் இரண்டும் விரதம். ஒரே குசினியாக இருந்திருந்தால் அந்த ஒரு பேதத்துக்கே அந்த வளவு எப்போதோ இரண்டுபட்டிருக்கும். தோய்க்கிற கல்லிலிருந்து வழியும் தண்ணீர் ஒரு சிறு வாய்க்காலாற் போய் ஆறேழு வாழைகளுக்குப் பாயும். குலை விழும்போது எவருடைய முறை என்பதும் பேசிவைக்கப்பட்டிருந்தது. கலியாணமென்றால் நடுவிலுள்ள முற்றத்திலே பந்தல். சாவென்றாலும் அங்கேயே பந்தல். செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை ஆதலால் அயலிலுள்ளவர் சமைத்த சோறு படலை வழியாக வரும். மூன்று வீட்டுக்கும் அந்த முற்றமே பந்தியாகும். மூவரில் ஒருவராவது தம் வீட்டுக்குள் பெரிய மண்டபம் ஒன்று வேண்டுமென்று எண்ணியதில்லை. எண்ணவேண்டிய தேவையும் அவர்களுக்கு ஏற்படவில்லை.

அந்த வளவிற் கூட்டுறவை நிலைபெறச் செய்தது அவர்களுடைய நற்குணம் மாத்திரமே என்று சொல்வது, அவ்வீடுகளை அமைத்த முகமறியா மேசனுக்கும் ஓடாவிக்கும் செய்யும் அநியாயமாகும். அடுப்புத் தனி, வாசல் தனி. கிணறு பொது, முற்றம் பொது. இந்தப் பாகுபாட்டின் நுட்பத்தைப் பிற இடங்களிலும் நான் படித்திருக்கிறேன். செட்டிநாட்டு நகரத்தார், மகனுக்கு மணமானதும் அதே பெருவீட்டிலேயே அவனுக்கு ஓர் அறையும் தனியடுப்பும் கொடுத்து 'வேறு வைத்து'விடுவார்கள். வீடு ஒன்று, சமையல் வேறு. டென்மார்க்கிலே 1967 இல் போடில் கிராயே என்னும் பெண்மணி, பிள்ளைகளுக்குப் பல பெற்றோருடைய அரவணைப்பு வேண்டுமென்னும் கருத்தில் எழுதிய பத்திரிகைக் கட்டுரையினால் தூண்டப்பட்ட குடும்பங்கள் சில ஒன்றுகூடி, 1972 இல் ஹில்லரோட் நகருக்கு அண்மையில் சேட்டெடாமன் என்ற குடியிருப்பை 27 வீடுகளோடு அமைத்தன; அங்கே கூடியுண்ண ஒரு பொதுமனை உண்டு, ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் அதனதன் குசினியும் உண்டு. நம் மூத்தோர் உத்தியோகம் பார்த்த சிங்கப்பூரிலே வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 2013 இலிருந்து மூன்று தலைமுறைகள் சேர்ந்து வாழ்வதற்கென்றே ஒருவகை அடுக்குமாடி வீட்டைக் கட்டிக்கொடுக்கிறது. தேசமும் சீதோஷ்ணமும் வேறாயினும், கூடிவாழ விரும்புகிறவர்கள் முதலில் ஒரு கதவைத்தான் கேட்கிறார்கள்.

இதைச் சொல்கிறபோது பழமையின் புகழ்ச்சியில் நான் மயங்கிவிட்டதாக நீங்கள் எண்ணிவிடலாகாது. நாற்சார் வீட்டின் அறைகளிற் பல, யன்னலின்றி இருண்டவை. நெல்லுக்கும் நகைக்கும் அமைந்த அளவுக்கு மனிதருக்கு அமையவில்லை. தலைவாசலின் காற்று ஆண்களுக்கு. குசினியின் புகை பெண்களுக்கு. இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. கிணற்றிற் பங்கென்று உறுதியில் எழுதிய அதே சமூகம், தன் தோட்டத்தில் உழைத்தவனை அக்கிணற்றில் அள்ளவிடாது, தண்ணீர் வார்ப்பார் வரும்வரை வெயிலிலே கையேந்தி நிற்கவைத்தது. படலைக்கு அப்பால் வரலாமா, முற்றம்வரை வரலாமா என்று ஒவ்வொரு படியிலும் சாதி காவல் நின்றது. இத்தகைய தடைகளைக் குற்றமாக்க 1957 இல் ஒரு சட்டமே வேண்டியிருந்தது. நான் போற்றிய அந்தப் படிவரிசை, அன்பைப் பேணியதைப் போலவே அவமதிப்பையும் பேணியது. ஆகவே நீங்கள் வரையும் பொதுமுற்றமும் பொதுக்கிணறும், குடியிருக்கிறவர் யாராயினும், வாடகைக்கு வந்த மாணவியாயினும், உதவிக்கு வரும் அம்மாவாயினும், ஒரே வாளியில் அள்ளி ஒரே நிழலில் இருக்கத்தக்கவையாக அமையவேண்டும். வேலையாளுக்கென்று பின்புறத்தில் தனி மலசலகூடம் வரையச் சொல்கிறவர் இன்றும் உளர்; அக்கோட்டை வரைய மறுக்கும் உரிமை உங்கள் கையிலே இருக்கிறது.

கூடிவாழ்தலின் மிகக் கடுமையான பரீட்சை இம்மண்ணில் நடந்தது 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆந் திகதி. வலிகாமத்திலிருந்து லட்சக்கணக்கான சனங்கள் மழையிலும் இருளிலும் நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்குட் புகுந்த அந்த இரவிலும் அதற்குப் பின்வந்த மாதங்களிலும், கைதடியிலும் சாவகச்சேரியிலும் மீசாலையிலும் ஒரு வீட்டுக்குள் ஏழு எட்டுக் குடும்பங்கள் இருந்தன. உங்களிற் பலர் அப்போது பிறக்கவில்லை. உங்கள் தாய்மாரைக் கேளுங்கள். படுக்க இடமில்லாமையாற் பிணக்கு வந்ததாக அவர்கள் சொல்லமாட்டார்கள். விறாந்தையிலும் மாமர நிழலிலும் பாய் விரித்து எத்தனை பேரும் படுத்தார்கள். பிணக்கு வந்தது அடுப்படியில்; வரிசை நின்றது மலசலகூட வாசலில்; கண்ணீர் வந்தது, குளிப்பதற்கு ஒரு மறைவு இல்லாத பெண்பிள்ளைகளுக்கு. அறை குறைந்தாலும் மனிதர் பொறுப்பர். அடுப்பும் மறைவும் குறைந்தால் அன்பும் உடனே குறையத் தொடங்குகிறது என்பதை அந்த மாதங்கள் எங்களுக்குக் கற்பித்தன. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழுப்பப்பட்டு மல்லாகம் கோணப்புலத்திலும் சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாமிலும் இருபது வருஷங்களுக்கு மேல் தகரத்தின்கீழ் வாழ்ந்தவர்களுக்கு இது பாடமாக மாத்திரம் இருக்கவில்லை. அவர்களின் பிள்ளைகள் பிறந்து வளர்ந்த முழு வாழ்க்கையுமே அதுவாயிற்று.

யுத்தத்தின் பின்னர் வந்த வீட்டுத்திட்டங்கள் இந்தப் பாடத்தை எவ்வளவுக்கு எடுத்துக்கொண்டன? இந்திய அரசாங்கத்தின் உதவியால் வடக்கிலும் கிழக்கிலும் 46,000 வரையான வீடுகள், ஒரு குடும்பத்துக்கு 5,50,000 ரூபா வீதம், பெரும்பாலும் பயனாளிகளின் கையாலேயே கட்டப்பட்டன. அவற்றின் பெருமையை நான் குறைத்துச் சொல்லேன். சொந்தக் கையாற் கட்டியவன் வீட்டைத் தன் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்வான் என்னும் நம்பிக்கை அத்திட்டத்தில் இருந்தது. அதற்குப் பின்னர், 65,000 உருக்குப் பொருத்து வீடுகளை ஏறக்குறைய 21 லட்சம் ரூபா வீதம் கொண்டுவந்து நிறுத்துவதென்று ஓர் ஏற்பாடு எழுந்தபோது, இங்குள்ள பொறியியலாளரும் கட்டடக் கலைஞரும் பொதுமக்களும் அதை எதிர்த்து எழுதினார்கள், பேசினார்கள். வெப்பம், ஆயுள், விலை என்று அவர்கள் காட்டிய குறைகள் பல. என் மனத்திற் பெரிதாகத் தைத்தது, அவ்வீட்டை நம் மேசன்மாரால் நீட்டமுடியாது என்பதே. மகளுக்குக் கலியாணம் பேசினால் ஒரு பத்தி இறக்கி ஓர் அறையும் அடுப்படியும் சேர்க்கமுடியாத வீடு, நம்மூர்க் குடும்பத்தின் வளர்ச்சியை அறியாதவர் வகுத்த வீடு. நீங்கள் வரைகிற சீமெந்து வீடும் அப்படியானதாகிவிடாமற் பாருங்கள். எதிர்காலத்தில் எந்தச் சுவரைத் திறந்து எந்தப் பக்கம் வளரலாம் என்பதை அத்திவாரம் இடும் அன்றைக்கே நிச்சயித்து, அங்கே வளையமும் தூணும் வைத்து, படத்திலும் புள்ளிக்கோடாகக் குறித்துக் கொடுங்கள்.

இனி, எல்லாவற்றினும் என்னைக் கலங்கவைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். நான் சொன்ன கோப்பாய் வளவு இன்று மதில்களாற் பிரிக்கப்பட்டுவிட்டது. பேரப்பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து காசனுப்பி, அறையோடு சேர்ந்த குளியலறைகள் கட்டுவித்தார்கள். அவற்றுக்கான மலக்குழி, மதிலின் மற்றப் பக்கத்திலுள்ள பழைய கிணற்றுக்கு இருபது அடிக்குள் வெட்டப்பட்டது. குடாநாட்டின் கீழே இருப்பது சுண்ணக்கல். வெடிப்பும் பொந்துமாக உள்ள கல். மேலே ஊற்றியது கீழே போய்ச் சேர அதிக காலம் செல்லாது. வற்றாத ஆறொன்றில்லாத இத்தேசத்தில் மழைநீர் அக்கல்லின் பொந்துகளில் தங்கி நிற்பதனாலேதான் நாம் உயிர் வாழ்கிறோம். அந்நீரில் நைத்திரேற்று மிகுந்துவருவதற்குத் தோட்டத்து உரத்தோடு மலக்குழிகளும் காரணமென்பது ஆராய்ந்தவர் பலர் எடுத்துக்காட்டிய விஷயம். கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 50 அடியாவது வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேட்டால், நம்மவர் தம் கிணற்றிலிருந்து அளந்து காட்டுகிறார்கள்; அயலவன் கிணற்றை அளப்பதில்லை.

கணக்கைப் பாருங்கள். ஏக்கருக்குப் பதினாறு பரப்பு; எட்டுப் பரப்பு வளவை நால்வருக்குப் பிரித்தால் ஆளுக்கு இரண்டு பரப்பு, அதாவது ஏறக்குறைய 5,445 சதுர அடி. நில அளவையாளர் அதை 45 அடி அகலமும் 121 அடி நீளமுமான நான்கு துண்டுகளாகக் கீறுவார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் தம் கிணற்றைத் தெருப்பக்கத்திலும் குழியைப் பின்பக்கத்திலும் வைக்க உடன்பட்டால் நால்வரும் நல்ல தண்ணீர் குடிக்கலாம். அவர்களில் ஒருவர் மாற்றி வைத்தாலும், 45 அடி அகலத்துக்குள் அவருடைய குழி அயலவனுடைய கிணற்றின் பக்கத்தில் எளிதாக வந்துவிடும், தப்புவது அரிது. நால்வருக்கும் ஒரு கிணறு, நால்வருக்கும் வளவின் மறுகோடியில் நன்றாகக் கட்டிய ஒரு குழி என்று வரைந்தாலோ, செலவும் குறையும், நோயும் குறையும். ஆனால் அப்படி வரைவதற்கு, துண்டைப் பாராமல் வளவைப் பார்க்கிற ஒருவர் வேண்டும். நில அளவையாளர் துண்டைப் பார்க்கிறார். நொத்தாரிசு பங்கைப் பார்க்கிறார். பிரதேச சபை படத்தை மாத்திரம் பார்க்கிறது. வளவு முழுவதையும் பார்க்க இன்று உங்களைத் தவிர வேறொருவரும் இல்லை.

செய்கைக்குரிய சில விஷயங்களை, ஒழுங்கு பாராமல், என் மனத்தில் வருகிறபடியே சொல்கிறேன். படலைக்கு அண்மையில், படி ஏறாமற் புகக்கூடியதாக, தன் வாசலும் தன் மலசலகூடமும் ஒரு சிறு அடுப்புமேடையும் உள்ள அறை ஒன்றை ஒவ்வொரு வீட்டிலும் வரையுங்கள்: முதல் இருபது வருஷம் அதிலே ஒரு மாணவியோ புதிதாய் மணமான தம்பதியரோ வாடகைக்கு இருப்பர், அதன்பின் வீட்டுக்காரரே முதுமையில் அதற்குள் வந்துவிட்டு, பெரிய பகுதியை மகளுக்கோ வேறொரு குடும்பத்துக்கோ விடலாம். அதன் வாசல், சக்கர நாற்காலி போகத்தக்க அகலமுடையதாக இருக்கட்டும். இரண்டு குடித்தனங்களுக்கு இடையே சுவர் வரவேண்டியிருந்தால் குசினியும் குசினியும் அல்லது அலுமாரியும் அலுமாரியும் முதுகு சேரட்டும், படுக்கையறைகள் சேரவேண்டா. மின்சாரத்துக்கு மானி வேறு வேறாக இருக்கட்டும். இருபது ரூபாக் கணக்கில் அற்றுப்போன உறவுகளை நான் கண்டிருக்கிறேன். எல்லாரும் நடந்துபோகிற வழியிலேயே ஒரு விறாந்தையும் ஒரு திண்ணையும் இருக்கட்டும். ஒதுக்குப்புறத்திற் கட்டிய பொதுமண்டபத்துக்கு ஒருவரும் போகமாட்டார். முற்றத்துக்கு வருகிற வழி அம்புலன்ஸ் திரும்பும் அளவுக்கு அகன்றிருக்கவேண்டும். நம்மூர் ஒழுங்கைகளை அறிந்தவர்களுக்கு இதன் காரணத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கூட்டுரிமை என்றவுடனே நம்மவர் அஞ்சுவது வழக்கு மன்றத்துக்கு. 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின்கீழ் எந்தப் பங்காளியும் தன் பங்கைப் பிரித்துத் தரும்படி கேட்கலாமென்பதும், அவ்வழக்குகள் ஒரு தலைமுறையைத் தின்னக்கூடியன என்பதும் மெய்தான். ஆயினும் தேசவழமையில், பங்காளி தன் பங்கை அந்நியனுக்கு விற்குமுன் மற்றைய பங்காளிகளுக்கு அறிவித்து அவர்களுக்கு முதலிடம் கொடுக்கவேண்டுமென்னும் ஒரு விதி, 1947 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தாலும் உறுதிப்படுத்தப்பட்டு, இன்றும் உயிரோடிருக்கிறது. கூடிவாழ்வோருக்கு இதைப்போல ஓர் அரண் பல தேசங்களில் இல்லை. வீடுகளை ஆளுக்கொன்றாகத் தனித்தனி உறுதியில் எழுதி, கிணறு, வழி, முற்றம், குழி ஆகியவற்றை மாத்திரம் பிரியாப் பங்காக எழுதிவைத்தால், வழக்குக்கும் இடம் குறையும், பந்தமும் அறாது. அவ்வாறு எழுதுவதற்கு நொத்தாரிசுக்கு வேண்டியது, அந்த நான்கையும் அளவோடு காட்டுகிற ஒரு படம்.

இப்பொழுது நடக்கும் முறை தலைகீழாக இருக்கிறது. முதலிற் சகோதரர் பிரிகிறார்கள். பின்பு அளவையாளர் கீறுகிறார். பின்பு நொத்தாரிசு எழுதுகிறார். மதிலும் எழும்பிய பிறகே உங்களைத் தேடி வருகிறார்கள். ஆகையால், சீதனம் எழுதப்போகும் தாய்தகப்பனார் எவராவது உங்களுக்கு உறவினராகவோ அயலவராகவோ இருப்பாராயின், கூலியை எண்ணாமல் ஒருநாள் மாலை அவர்களுடைய வளவுக்குப் போங்கள். உள்ள மரங்களையும், கிணற்றையும், அயல் வளவுகளிலுள்ள கிணறுகளையும், தண்ணீர் ஓடுகிற திசையையும் ஒரு தாளிற் குறியுங்கள். மூன்று பெண்களுக்கு மூன்று அடுப்பு எங்கே வரும், பந்தல் எங்கே வரும் என்பதைப் பென்சிலாற் போட்டுக் காட்டுங்கள். அந்தத் தாளோடு அவர்களை அளவையாளரிடமும் அதன்பின் நொத்தாரிசிடமும் அனுப்புங்கள். நான் தொழிலில் இருந்த காலமெல்லாம் அப்படியொரு தாளோடு என்னிடம் ஒருவரும் வரவில்லை. இன்றைக்குத் தொழிலில் உள்ளவர்கள் அதைக் கண்டால் மறுக்கமாட்டார்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் விரும்பும்
ஓய்வுபெற்ற நொத்தாரிசு ஒருவர்
நல்லூர்